வளவுக்குள் நிற்கும் பேருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தகப்பனார் யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வழியில் பல வருடங்கள் ஓட்டிய லேலண்ட் பேருந்து இப்போது சேவையிலிருந்து விலகி வளவுக்குள் நிற்கிறது. இரும்பு விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நீர்வேலியில் மனைவியின் சீதனக் காணி இரண்டு பரப்பு உண்டு. அதில் வீடு கட்டத் தொடங்கி, சீமெந்து விலை ஏறியபோது அத்திவாரத்தோடு நிறுத்திவிட்டோம். வெளிநாடுகளில் குடும்பங்கள் பேருந்தை முழுநேர வீடாக்கி வாழும் காணொளிகளைப் பார்த்தபின், நான், மனைவி, ஏழு வயதும் மூன்று வயதுமான இரண்டு பிள்ளைகள், என் தாயார் ஆகிய ஐவரும் இந்த வண்டியில் குடியேறலாமா என்று யோசிக்கிறோம். நடைமுறைக்கு ஒத்துவருமா? – குடும்பத் தலைவர் ஒருவர், நீர்வேலி

பதில்: ஒத்துவரும். ஆனால் காணொளியில் பார்த்தபடி படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை எல்லாவற்றையும் அந்தத் தகரக் கூட்டுக்குள்ளேயே அடக்க நினைத்தால் ஒரு சித்திரை மாதத்தைக்கூட நீங்கள் தாண்டமாட்டீர்கள். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்து வண்டிக்குள் போய் அளந்து பாருங்கள். சாரதியின் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எஞ்சின் பெட்டியையும் படிக்கட்டையும் கழித்துவிட்டால், மிஞ்சுவது ஏறத்தாழ முப்பது அடி நீளமும் ஏழரை அடி அகலமும், அதாவது 225 சதுர அடி அளவான ஓர் ஒடுங்கிய அறை. நம்மூர்களில் வீட்டு மண்டபம் ஒன்றே பல இடங்களில் அதைவிடப் பெரிது. அதற்குள் ஐந்து பேருக்குப் படுக்கையும் உடுப்பு அலுமாரியும் பிள்ளைகளின் புத்தக மேசையும் வைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் வைக்க முடியாது.

ஆகவே நான் சொல்லும் வழி, நமது பழைய வீடுகள் நின்ற வழிதான். அந்த நாளில் குசினி தனிக் கொட்டிலாக நின்றது, குளிப்பும் தோய்ப்பும் கிணற்றடியில் நடந்தன, கழிப்பறை வளவின் கோடியில் இருந்தது, பகல் முழுவதும் மனிதர்கள் திண்ணையில் இருந்தார்கள். உள்ளறை நித்திரைக்கும் பெட்டகத்துக்குமாகவே இருந்தது. உங்கள் பேருந்தை அந்த உள்ளறையாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கும் அத்திவாரத்தை வீணாய்ப் போனது என்று நினைக்க வேண்டியதில்லை. அதை மண் நிரப்பி இறுக்கிக் கொங்கிரீற் போட்டால் குசினிக்கும் திண்ணைக்கும் தளம் ஆயத்தம். பேருந்தின் ஏறும் வாசல் அந்தத் தளத்தைப் பார்க்கும்படி வண்டியை அருகே கொண்டுவந்து நிறுத்துவதே உங்கள் முதல் வேலை.

நீங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவின் பாடசாலைப் பேருந்துகளைப் பற்றியவையாக இருக்கும். அங்கே அவர்கள் போராடுவது குளிரோடு. சுவரெங்கும் நுரையைப் பீய்ச்சி அடைப்பதும், உள்ளே விறகடுப்பு வைப்பதும் அதற்காகத்தான். குடிநீர் ஏற்றவும் கழிவுநீர் இறக்கவும் வசதியுள்ள தரிப்பிடங்கள் வழிநெடுக அங்கே உண்டு. 1939இல் அந்நாட்டில் நடந்த ஒரு மாநாட்டில் பாடசாலைப் பேருந்துகளுக்கென்று ஒரு மஞ்சள் நிறம் வகுக்கப்பட்டதால், வீடாக மாற்றியபின் அந்த மஞ்சளைத் துடைத்து வேறு நிறம் பூச வேண்டும் என்பது பல மாநிலங்களில் சட்டமாகவும் இருக்கிறது. நமக்கு அந்தக் கவலைகள் ஒன்றும் இல்லை. நமக்கு உள்ளது வெயிலும் புழுக்கமும் கறளும்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முயற்சி நிலைப்பதும் குலைவதும் அதில்தான். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வண்டியின் கூரைத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவீர்கள். உட்கூரையில் என்ன அடைத்தாலும் அந்தச் சூட்டைப் பிந்தச் செய்யலாமே தவிர நிறுத்த முடியாது. மேலும், ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகையை அடைப்பவர்கள் அது தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக் கரும்புகை கக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாசல் ஒடுங்கிய அறையில் அந்தப் புகையே ஆளைக் கொல்லும். அடைக்கத்தான் வேண்டுமானால் தீப்பற்றாத பாறைப் பஞ்சை அடைத்து, அதன் மேல் மெல்லிய பலகை அடியுங்கள். ஒவ்வோர் அங்குல அடைப்பும் உங்கள் தலைக்கு மேலுள்ள இடத்தைத் தின்னும் என்பதையும் கணக்கில் எடுங்கள்; உள்ளுயரம் ஆறடி சொச்சம்தான்.

மருந்து எளியது: வெயில் தகட்டில் விழாமல் பார்ப்பது. வண்டிக்கு மேலே அதைத் தொடாமல் ஒன்றரை அடி இடைவெளி விட்டு, இரு பக்கமும் மூன்று நான்கு அடி வெளியே நீளும்படி ஒரு பந்தல் போடுங்கள். கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்தால் அதற்கு நிகரான குளிர்ச்சி வேறொன்றில் இல்லை. ஆனால் கிடுகை ஓரிரு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். குசினிக்கு மேலே ஓலை கூடவே கூடாது, அந்தப் பகுதிக்கு மட்டும் தகடோ ஓடோ போடுங்கள். வண்டியின் நெடுக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் நீண்ட பக்கங்களில் அடிக்காது. தெற்குப் பக்கத்து யன்னல்கள் சோளகத்தை உள்ளே வாங்கும். மாரியில் வாடை வடக்கிலிருந்து மழையை வீசும் என்பதால் அந்தப் பக்கத்து யன்னல்களில் பாதியைத் தகடு வைத்து நிரந்தரமாக மூடி, அந்தச் சுவரோடு அலுமாரியை நிறுத்துங்கள். திறந்திருக்கும் யன்னல் ஒவ்வொன்றுக்கும் நுளம்பு வலை அடிக்க வேண்டும்.

இரவில் வேறொரு தொல்லை உண்டு. ஐந்து பேர் பூட்டிய வண்டிக்குள் படுத்தால், மூச்சிலும் வியர்வையிலும் விடியுமுன் ஒரு லீற்றருக்கு மேல் நீர் காற்றில் கலந்துவிடும். மார்கழிக் குளிரில் அது தகட்டில் வேர்த்து மெத்தைக்குப் பின்னால் வழிந்து பூஞ்சணமாகும். மெத்தைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குலம் விடுங்கள். கட்டிலின் அடிப்பக்கம் சட்டமாக இருக்கட்டும், பெட்டியாக வேண்டாம். எதிரெதிர் யன்னல்கள் இரண்டு இரவிலும் விரலளவு திறந்திருக்கட்டும்.

அடுத்தது கறள். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய வானை வாங்கி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கராஜில் பளபளவென்று பெயின்ற் அடித்துக் கொடுத்தார்கள். முதல் மாரி முடிந்த கையோடு சில்லு வளைவின் மேல் ஒரு கொப்புளம் தெரிந்தது. பெருவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே புட்டி அப்பியிருந்தார்கள். நானும் அடியில் குனிந்து பாராமல் மேற்பூச்சைப் பார்த்தே காசை எண்ணிக் கொடுத்தேன். ஆகவே நீங்கள் ஆசனங்களையும் தரைப் பலகையையும் முழுவதாகக் கழற்றி எறிந்தபின், ஒரு சிறிய சுத்தியலோடு வண்டியின் கீழே படுத்து, குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உளுத்த இரும்பு மண்பானைபோல் மொக்கையாக ஒலிக்கும். படிக்கட்டின் அடி, சில்லு வளைவுகள், யன்னல்களின் கீழ்விளிம்பு ஆகிய மூன்றும் முதலில் போகும் இடங்கள். போனதை வெட்டி எடுத்து, வெல்டிங் செய்து புதுத் தகடு ஒட்ட வேண்டும். மிஞ்சியதை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, கறள் தடுப்புப் பூச்சுப் பூசியபின்னரே மேற்பூச்சு. ஆசனங்களின் ஆணி இருந்த ஓட்டைகள் அத்தனையையும் அடையுங்கள், இல்லாவிட்டால் கரப்பானும் பூரானும் உங்களுக்கு முன்னரே குடிவந்துவிடும். ஒட்டுவேலை தொடங்குமுன் பற்றரிகளைக் கழற்றுங்கள், டீசல் தாங்கியையும் இறக்கிவிடுங்கள். எங்கள் ஆட்கள் இந்த இரண்டையும் சோம்பலில் விட்டுவிடுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இந்த நேரத்தில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: வண்டி இனி ஓடுமா, ஓடாதா? இரண்டும் கெட்டானாக விட்டால் பணம் இரட்டிப்பாகும். உங்கள் நிலைமையில் அது நிற்பதே நல்லது என்பது என் கருத்து. நிற்கும் என்றால், ரயர்களில் பாரத்தை விடாமல், அச்சுகளுக்கு அருகே அடிச்சட்டத்தின் கீழ் கொங்கிரீற் தூண்கள் கட்டி அவற்றின் மேல் வண்டியை ஏற்றி வையுங்கள். அடிப்பக்கம் நாற்புறமும் திறந்தே இருக்கட்டும். மறைத்தால் ஈரம் தங்கும், பாம்பும் தங்கும். கழற்றிய ரயர்களை உடனே விற்றுவிடுங்கள். மாரியில் மழைநீர் தேங்கிய ரயர் டெங்கு நுளம்பின் தொட்டில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் கண் வைப்பதும் அதில்தான். பின்புறத்து அவசர வாசலை மட்டும் அலுமாரி வைத்து மறைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளும் வயோதிபத் தாயாரும் உள்ள இடத்தில் இரண்டு வழி இருந்தே ஆகவேண்டும். அந்த வாசலுக்குக் கைபிடியோடு ஒரு படிக்கட்டும் கட்டுங்கள்.

சமையல் வெளியேதான். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பேருந்தின் படிக்கட்டுப் பள்ளம் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. வெற்றுச் சிலிண்டரைக்கூட உள்ளே வைக்க வேண்டாம்.

கழிப்பறை விடயத்தில் நீர்வேலிக்காரர் அதிகம் கவனிக்க வேண்டும். உங்கள் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல் இருக்கிறது. மலக்குழியிலிருந்து இறங்கும் நீர் அந்த வெடிப்புகள் வழியே வடிபடாமல் நேரே நிலத்தடி நீரில் சேர்ந்துவிடும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் நம்முடைய குடிநீரின் பெரும்பங்கு அதுவே. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி என்று வழக்கமாகச் சொல்லுவார்கள். இரண்டு பரப்புக் காணியில் உங்கள் கிணற்றோடு அயலவரின் கிணற்றையும் அளந்து, இயன்ற அளவு தள்ளி, அடித்தளம் பூசி நீர் கசியாத தாங்கியாகக் கட்டுங்கள். கட்டுமுன் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுவது நல்லது. குளியல் நீரை வாழைக்கு விடலாம். நீர்வேலியில் வாழையில்லாத வளவு இராது.

கடதாசி அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து, குத்தகை நிறுவனம் எதனுடைய பெயராவது இன்னும் அதில் கிடக்கிறதா என்று பாருங்கள். வண்டி தகப்பனாரின் பெயரிலேயே இருந்தால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆசனங்களை அகற்றி அமைப்பை மாற்றுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பந்தலும் குசினியும் கழிப்பறையும் நிலத்தில் நிற்பவை என்பதால் பிரதேச சபையில் வரைபடத்தோடு விசாரித்து எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராம உத்தியோகத்தரிடம் அந்தக் காணி விலாசத்தில் உங்கள் குடும்பத்தைப் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறுவதை உறுதிசெய்யுங்கள். உங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் சில வருடங்களில் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும்போது, வதிவிடத்தை நிறுவ இடாப்பும் உறுதியும் மின்கட்டணச் சிட்டையும் கேட்பார்கள். நீங்கள் உறங்குவது கல்வீட்டிலா பேருந்திலா என்பதை அந்தப் படிவம் கேட்பதில்லை.

கேள்வி: இப்படியான வண்டிக்குச் சூரியத் தகடுகளைப் பொருத்தினால் மின்சார சபையின் இணைப்பு இல்லாமலே வாழ முடியுமா? வண்டியில் இருக்கும் பற்றரிகள் போதுமா? – தொழில்நுட்ப மாணவன், சாவகச்சேரி

பதில்: வண்டியின் பற்றரிகள் போதா. அவை எஞ்சினை உதைத்துக் கிளப்பும் ஒரு கணத்துக்காகச் செய்யப்பட்டவை. இரவெல்லாம் மெல்ல மெல்ல வடித்தால் சில மாதங்களில் செத்துவிடும். கணக்கைப் பாருங்கள். 50 வாற்றில் மூன்று மின்விசிறிகள் பன்னிரண்டு மணிநேரம் சுற்றினால் 1.8 அலகு, சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு ஏறத்தாழ ஓர் அலகு, விளக்கு, கைபேசி, தண்ணீர் மோட்டர் சேர்ந்து இன்னோர் அலகு. ஆக நாளொன்றுக்கு நான்கு அலகுக்குச் சற்றுக் குறைவு. நல்ல வெயிலில் 400 வாற் தகடு மூன்று அதைத் தரும். கார்த்திகையில் நாட்கணக்காக மப்பு மூடியிருக்கும்போது ஆறு தகடும் தராது. மின்னழுத்தியையும் சோறு சமைக்கும் மின் பாத்திரத்தையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. கம்பி இணைப்பு கிடைக்கும் காணியில் அதை எடுத்துக்கொண்டு, தகடுகளைத் துணையாக வைப்பதே விவேகம். தகடுகளைப் பேருந்துக் கூரையில் ஒட்டாமல் பந்தல் சட்டத்தின் மேல் போட்டால் நிழலும் சேர்ந்து கிடைக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. பேருந்தின் சொந்த வயர்கள் 24 வோல்ற்றுக்கானவை. அவற்றில் 230 வோல்ற்றை ஒருபோதும் விடக்கூடாது. வீட்டு மின்சாரத்துக்குப் புதிதாகக் குழாய்க்குள் வயர் இழுக்க வேண்டும். முழுச் சுவரும் இரும்பு என்பதால் ஓர் இடத்தில் வயர் உரசினாலே வண்டி முழுவதும் மின் ஏறிவிடும். ஈரக் காலோடு நிலத்தில் நின்று கைபிடியைத் தொடுபவரின் கதி என்ன? வண்டியின் உடலை எர்த் கம்பியோடு இணைப்பதும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பொருத்துவதும், அதன் சோதனைப் பொத்தானை மாதத்துக்கொரு முறை அழுத்திப் பார்ப்பதும் கட்டாயம்.

கேள்வி: கடற்கரையோடு எங்களுக்குக் காணி உண்டு. கிணற்று நீர் உவர். அங்கே ஒரு பழைய பேருந்தை வாங்கி நிறுத்தினால் எத்தனை வருடம் தாங்கும்? – வாசகி, வேலணை

பதில்: உப்புக் காற்றில் இரும்பை வைத்துவிட்டு வருடத்தை எண்ணச் சொல்கிறீர்கள். 2021இல் வடகடலில் பழைய பேருந்துக் கூடுகளை இறக்கி மீன்களுக்கு இருப்பிடமாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்கு இவ்வளவு கிட்ட நிறுத்தினால் உங்கள் வண்டியும் கரையில் நின்றபடியே அந்தக் கூடுகளின் நிலைக்கு வந்துவிடும். காணியின் உட்பக்கமாக, மரங்களின் மறைவில் நிறுத்தி, வருடந்தோறும் மாரிக்கு முன் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவிப் பூச்சை ஒட்டுப்போட முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள். தண்ணீர் விடயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓலைக்குப் பதிலாக அலுமினியம் பூசிய தகட்டில் நாற்பதடிக்குப் பதினாறடி மேற்கூரை போட்டால், 10 மில்லிமீற்றர் மழைக்கு ஏறத்தாழ 590 லீற்றர் சேரும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மழையை 5000 லீற்றர்த் தாங்கிகள் இரண்டில் பிடித்து வைத்தால் குடிக்கவும் சமைக்கவும் கோடைக்குள் வெகுதூரம் போகலாம். தாங்கியைப் பேருந்தின் கூரையில் ஏற்ற வேண்டாம்: ஆயிரம் லீற்றர் நீர் ஒரு தொன்.

கேள்வி: என் மகன் கல்யாணம் முடித்த கையோடு பஸ் ஒன்றை வாங்கி அதற்குள் குடியிருக்கப் போகிறேன் என்கிறான். மருமகளும் ஓம் என்கிறாள். சனம் சிரிக்காதா? பஸ்சுக்குக் குடிபூரல் செய்வதென்றால் எப்படிச் செய்வது? – தாய் ஒருவர், கொண்டாவில்

பதில்: அம்மா, சனம் சிரிக்கும், பங்குனி வெயிலில் உங்கள் மகனின் பந்தல் நிழலுக்கு வந்து கதிரை கேட்டு இருக்கவும் செய்யும். மருமகள் ஓம் என்று சொன்னபின் நீங்களும் நானும் பேசுவதற்கு அதிகம் இல்லை. என்றாலும் இரண்டு விடயங்களை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குழந்தை பிறந்தால் அதைக் குளிப்பாட்டவும் ஏணை கட்டவும் இடம் எங்கே என்பது ஒன்று. வண்டியின் படி நிலத்திலிருந்து ஒன்றேகால் அடிக்கு மேல் உயரம் என்பதால், முழங்கால் வலியோடு நீங்கள் போனால் எப்படி ஏறுவீர்கள் என்பது மற்றது. தளத்தை உயர்த்தி, ஏழு அங்குலப் படிகள் கட்டி, ஒரு கைபிடியும் வைக்கச் சொல்லுங்கள். குடிபூரலை மற்ற வீடுகளுக்குச் செய்வதுபோலவே நல்ல நாள் பார்த்து, வாசலில் நிறைகுடம் வைத்துச் செய்யலாம். சாமிப் படத்தைச் சாரதி இருக்கைக்கு மேலே, அது முன்பு இருந்த இடத்திலேயே மாட்டிவிடலாம். பாலை மட்டும் வெளியே குசினியில் காய்ச்சுங்கள்.